பாய் விரித்த கார்

புதுப் பெயிண்ட், பெட்ரோல், அவற்றுக்கு அடியில் கோரைப்பாய்: இந்த மூன்று மணமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எழுபது வருடத்துக்குப் பிறகும் நான் முதலில் காலுக்கு அடியில்தான் பார்ப்பேன். நாலாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவள் நான். இன்று களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் என் லாரி ஓடாத ரோடு கிடையாது, என்னை ஏமாற்றி வண்டி விற்றவன் இந்த ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. அப்படிப்பட்ட என்னையும் ஒரு கார் நடுங்க வைத்தது.

நம் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்வதற்கு ஒன்றிரண்டு வருடம் முந்தி. எனக்கு எட்டு வயது. அப்பாவுக்குக் கோட்டாற்றில் கொப்பரை வியாபாரம்; சொத்து என்று இருந்தது ஒரே ஒரு தென்னந்தோப்பு. தோப்பை எங்கள் பக்கம் விளை என்போம், பேச்சில் "வெளை". அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு சேதி கொண்டுவந்தார். உலகச் சண்டைக்கு முந்திச் சீமையிலிருந்து வந்து, வருடக்கணக்காகக் கொட்டகையில் கிடந்த நாலு கதவுக் காரை ஒரு காண்டிராக்டர் புதுக்கி வைத்திருக்கிறாராம். விளையை எழுதிக் கொடுத்தால் காரைத் தருவாராம். நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றி டாக்சி ஓட்டினால் நாமும் முதலாளியாம்.

"வெளையக் குடுத்துக் காரை வாங்கி நடையில நிறுத்துனா, அது வருசத்துக்கு ஆறு வெட்டு தேங்கா காய்க்குமாக்கும்?" என்றாள் அம்மா.

"நீ மிண்டாத இரி" என்று அவள் வாயை அடைத்தார் அப்பா.

கார் வந்தது. அப்பா விரலை மடக்கி மட்கார்டு, கதவு, கூரை என்று ஒவ்வொன்றாகத் தட்டினார்; தேங்காய் தட்டுவது போலவே காதை ஒட்டவைத்துக் கேட்டார். "கொள்ளாம், முத்தின காயாக்கும்" என்றார். "அத்தான் தட்டுனா சீமைக்காரனே ஒளிக்க முடியாது" என்று மாமா தூக்கிவிட்டார். அப்பாவின் முகத்தில் கல்யாண மாப்பிள்ளையின் களை. இடுப்பில் வெற்றிலை தயாராக இருந்தது. எங்கள் பக்கம் வெற்றிலை கைமாறிவிட்டால் பேச்சு மாறாது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் தொடங்கிவிட்டது.

"செருப்பு வெளியில கெடக்கட்டு முதலாளி. லெச்சுமியாக்கும், கீழ விரிச்ச பாயும் புதுசு. பய்ய ஏறுங்கோ" என்றார் காண்டிராக்டர். எல்லோரும் கால் கழுவி ஏறினார்கள். லட்சுமியை மிதிப்பார்களா? பந்தியில் உட்காருவது போலச் சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டார்கள். காண்டிராக்டர் ஓட்ட, பக்கத்தில் அப்பா. பாரம் இழுக்கிறதா என்று பார்க்க, கடையாட்கள் இரண்டு பேரையும் அம்மா, மாமாவோடு பின்னால் அடைத்தார் அப்பா. இடமில்லாத என்னை அம்மா கீழே பாயில் உட்கார வைத்தாள்.

வில்லுக்குறி தாண்டி ஏற்றத்தில் ஏறும்போது எனக்குப் பக்கத்தில் பாய் உப்பி உப்பி மூச்சுவிட்டது. ஓரத்தைத் தூக்கினேன். ரோடு ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் துருப்பிடித்த தகரம், பொரித்த அப்பளத்தின் விளிம்பு போல. "பெரியவிய பேசையில குட்டியளு வாய் தொறக்கப்பிடாது" என்பது அம்மாவின் சட்டம். முழங்காலைக் கட்டிக்கொண்டு நாக்கைக் கடித்தேன். "எடுப்பைப் பாத்தியாடே மாப்ளே!" என்று மாமாவிடம் சொல்லும்போதே அப்பாவின் கை இடுப்பு வெற்றிலைக்குப் போனது.

அப்போது பாய் நகர்ந்தது. கீழே சுழல்கிற ஏதோ ஒன்று அதன் நுனியைப் பிடித்துச் சுருட்டிச் சுருட்டி உள்ளே இழுத்தது. பாயோடு என் பாவாடையும் போனது. நான் போட்ட சத்தத்தில் வார்த்தையே இல்லை. அம்மா குனிந்து என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். பாவாடை கிழிந்து பாதி கீழே போனது. கார் நடு ஏற்றத்தில் நின்றது.

பாய் கிடந்த இடத்தில் ஒரு குலைத் தேங்காய் நுழைகிற ஓட்டை. காண்டிராக்டர் அசரவில்லை. "ஒரு பலகை வச்சு அடிச்சா தீந்துச்சு. எஞ்சின் தங்கமாக்கும்."

அப்பா குனிந்து ஓட்டையின் விளிம்பை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு, "பலகைதானே" என்றார். வெற்றிலை கைக்கு வந்துவிட்டது. காருக்குள் பயந்ததைவிட அப்போதுதான் அதிகம் பயந்தேன்.

அம்மா தோளில் போட்டிருந்த நேரியலை எடுத்து என் இடுப்பில் சுற்றினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, வந்த வழியே நடந்தாள்.

"யக்கா, இந்த வெயில்ல எங்க போற?" என்று மாமா கத்தினார்.

"வெளைக்கு" என்றாள் அம்மா, திரும்பாமலே. "இன்னைக்கு ஒரு நாளாவது அது நமக்கு உள்ளதாக்குமே."

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வெகுதூரம் போன பிறகு பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அப்பாதான். வாய் நிறைய வெற்றிலை, கன்னம் உப்பியிருந்தது. காண்டிராக்டருக்குக் கொடுக்க வேண்டியதைத் தானே போட்டு மென்றுவிட்டார். விளை வரைக்கும் மென்றுகொண்டே நடந்தார். பேச வாயில் இடமில்லை.

அந்தக் கார் யார் தலையில் விழுந்ததோ தெரியாது. காருக்குக் கால் கழுவுகிறவர்கள் இப்போது இல்லை; சீட்டில் சம்மணம் போடுகிறவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். விளை மட்டும் எங்களோடு நின்றது. என் முதல் லாரி அதன் கொப்பரையில் வந்தது, ஒருத்தன் தயவிலும் அல்ல. போன வருடம் நாலுவழிச் சாலைக்காக அதையும் அளந்து கல் நட்டார்கள். மரம் தள்ளுகிற இயந்திரம் வந்த அன்று நான் முன்னால் போய் நின்றேன். நான் அதட்டினால் நிற்காத டிரைவர் இந்த ஜில்லாவில் கிடையாது. வாயைத் திறந்தேன்; பாய் நகர்ந்த அன்று வந்த அந்த வார்த்தையில்லாத சத்தம்கூட வரவில்லை.