லாடம் அடித்த பூட்ஸ்

விருதுநகர்க் கடையில், நாடக மேடைக்கென நான் தேர்ந்தெடுத்த தோல் பூட்ஸைக் கடைக்காரர் தரையில் தட்டினார். "குதிகால்ல இரும்பு லாடம் அடிச்சுத் தாரேன், தேயாது."

லாடத்தின் ஒலியை நான் அறிவேன். தாயில்பட்டிப் பட்டாசு ஆலையில், சிறுவனாக, அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன நாளில் கேட்டேன். வெடிமருந்து அறைக்குள் எவரும் செருப்போடு நுழைவதில்லை. இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும். முதலாளியின் மகனோ லாடம் ஒலிக்க உள்ளே வந்தான்.

"சின்ன மொதலாளி, கழட்டிட்டு வாங்க" என்றாள் அம்மா.

"வெலை தெரியுமா? வெளிய வச்சா எவளாச்சும் தூக்கிருவா."

"அப்ப உள்ள நீகளே காவல் இருங்க. நாங்க வெளிய இருக்கோம்."

அங்கே வேலைபார்த்த பெண்கள் அனைவரும் வெளியேறினர். மருந்தோடு தனித்து நின்றபின்தான் அந்த மாவீரருக்கு அச்சம் பிறந்தது. பூட்ஸைக் குழந்தைபோல் ஏந்தி, காலுறையோடு ஓடிவந்தார்.

"லாடம் வேண்டாம்" என்றேன் கடைக்காரரிடம்.