மேரிலாந்து நண்டும் பொய் பிடிக்கும் பெட்டியும்

கொரினுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. யாராவது "நீதானே?" என்று கேட்டால் போதும், செய்யாத தப்புக்கும் கழுத்து சிவந்துவிடும். சின்ன வயதில் அக்கா நடீன் தின்ற கேக்குக்கெல்லாம் திட்டு வாங்கியவள் அவள்தான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, மேரிலாந்தில் முள்வேலி போட்ட ஓர் அரசாங்கக் கட்டடத்தின் சமையலறையில். உள்ளே என்ன நடக்கிறது என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. அங்கே சூப் கிண்டுகிறவர்கூட, அரசாங்கம் வைக்கும் பொய் பிடிக்கும் கருவியில் உட்கார்ந்து தேறினால்தான் கழுத்தில் மாட்ட அனுமதி அட்டை கிடைக்கும். முதல் தடவை கொரின் நடுங்கியதில் ஊசிகள் கண்டபடி ஓடின. மறுபடி கூப்பிட்டார்கள், தேறினாள். நடீன் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்: "என் தங்கச்சிய அரசாங்கமே நம்புது."

1989 வசந்தத்தில், கொரினைத் தலைமைச் சமையல்காரியாக ஆக்குவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, குளிர் அறையிலிருந்த உயர்ரக நண்டுச் சதை டப்பாக்கள் மொத்தமும் காணாமல் போயின. சமையலறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த தனியார் நிறுவனத்தின் மேலாளர் ஹாஸ்கெட் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்தார்.

"நாளைக்குக் கருவியோட ஒரு ஆள் வர்றார். எல்லாரும் உக்காரணும்."

கொரின் சுவரைக் காட்டினாள். முந்தைய டிசம்பரில் நடப்புக்கு வந்த புதுச் சட்டத்தின் சுவரொட்டியை ஹாஸ்கெட்டே அங்கே ஒட்டியிருந்தார். "தனியார் கம்பெனி இப்படி எல்லாரையும் உக்கார வைக்கக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கே, சார்?"

"அது வெளியில இருக்கற கடைகண்ணிக்கு. இது நாட்டுப் பாதுகாப்புக் கட்டடம்மா. இங்க எல்லாம் செல்லும்."

கொரின் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அந்த ஊசிகள் இன்னொரு முறை கண்டபடி ஓடினால் பதவியும் போகும், அட்டையும் போகும். கழுத்து பீட்ரூட்டாகச் சிவக்க, "அரசாங்கம் கேட்டா உக்காருறேன், சார். நீங்க கேட்டா மாட்டேன்" என்றாள்.

"கழுத்தப் பாத்தாலே தெரியுது, யார் எடுத்தாங்கன்னு" என்றார் ஹாஸ்கெட். "நாளைக்கு உக்காரு, இல்லன்னா அட்டையக் கழட்டிக் குடு."

மறுநாள் காலை வாயிலில் நின்ற வரிசையில் கொரினுக்கு முன்னால் ஒருவர் கனத்த பெட்டியோடு நின்றார். காவலர் வெர்ஜில் அதைத் திறந்தார். உள்ளே வயர்கள், ஊசிகள், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை.

"என்னய்யா இது?"

"பொய் பிடிக்கற கருவி."

"பதிவு பண்ணற எந்தக் கருவியும் உள்ள போகக் கூடாது."

ஹாஸ்கெட் உள்ளிருந்து ஓடிவந்தார். "வெர்ஜில், இது நாட்டுப் பாதுகாப்புக்காகப்பா."

"அதுக்காகத்தான் சார் நிறுத்தறேன்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. கொரின் சிரிக்கவில்லை, அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெர்ஜில் போனைச் சுழற்ற, பாதுகாப்பு அதிகாரி கிரேடி அம்மாள் வந்தார்.

"சட்டத்துல இருக்கற விலக்கு அரசாங்கத்துக்கு, மிஸ்டர் ஹாஸ்கெட். உங்களுக்கு இல்ல. இங்க ஒருத்தர உக்கார வைக்கணும்னா நாங்க வைப்போம். நீங்க சூப்பப் பாருங்க."

"அப்ப என் நண்டு?"

கிரேடி அம்மாள் குரலைத் தாழ்த்தினார். பின்னால் நின்ற கொரினுக்கு அது தெளிவாகக் கேட்டது. "சனிக்கிழமை மேல் மாடியில ஒரு விருந்து. யார் வந்தாங்கன்னு கேக்காதீங்க. நண்டையும் தேடாதீங்க." பிறகு கொரினிடம் திரும்பினார். "மாட்டேன்னு சொன்னது நீங்கதானா?"

கழுத்து சிவந்தது. "ஆமாம்மா."

"அட்டையப் பத்திரமா வச்சுக்குங்க. அது நாங்க குடுத்தது. இப்பக் கேட்டதையும் பத்திரமா வச்சுக்குங்க."

அடுத்த மாதமே கொரின் தலைமைச் சமையல்காரி ஆனாள். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் ஹாஸ்கெட்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போட்டார்.

சேதி கேட்ட அன்று நடீன் நண்டுச் சதையை வடைபோல் தட்டி, அந்த ஊர் நண்டுக் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தாள்.

"அடி கொரின், அதெல்லாம் சரி. அந்த நண்டு எங்கதான் போச்சு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் கொரின், எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே.

நடீன் தங்கையின் கழுத்தையே உற்றுப் பார்த்தாள். கொஞ்சம்கூடச் சிவக்கவில்லை.

"அடிப்பாவி" என்றாள் நடீன், பெருமை தாங்காமல். "தேறிட்டடி."