மாடிக்குக் குடிவந்தவர்

பின்லாந்தில் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கதவில் காதை வைத்துக் கேட்க வேண்டும். படிக்கட்டில் யாராவது நடந்தால், அவர்கள் போகும்வரை ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளேயே நிற்க வேண்டும். இது பயமல்ல, மரியாதை. அடுத்தவரை வணக்கம் சொல்லவைத்துத் தொந்தரவு செய்யக்கூடாது. ஆரணியில் தெருமுனை திரும்புவதற்குள் "இன்னா சார், எங்க கெளம்பிகினு கீறீங்க?" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். அப்படி வளர்ந்த எனக்கு இந்த மரியாதை பிடிபடச் சில பனிக்காலங்கள் ஆயின. இப்போது நானும் நிற்கிறேன். எதிர்வீட்டு ஹெய்க்கி அவர் கதவுக்குப் பின்னால், நான் என் கதவுக்குப் பின்னால். ஒருவருக்கொருவர் வழிவிட்டே இருவரும் பேருந்தைத் தவறவிட்டிருக்கிறோம்.

அவர் வாய் திறப்பது தல்கோத் அன்று மட்டும். பனி உருகியதும் குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து முற்றத்தைச் சுத்தம் செய்யும் நாள் அது. கூலி இல்லை, முடிவில் காபியும் சுட்ட சாசேஜும் உண்டு. இந்த வசந்தத்தில் அழுகிய இலைகளை வாரிக்கொண்டே, வானிலை சொல்வதுபோல ஹெய்க்கி சொன்னார்: "வெளிநாட்டார் வரவைக் குறைக்கச் சொல்லும் கட்சிக்குத்தான் நான் ஓட்டுப் போட்டேன்."

"என்னையும் சேர்த்தா?"

அவர் உண்மையாகவே குழம்பினார். "நீதான் இலை வாருகிறாயே."

இருப்பதிலேயே பெரிய சாசேஜை என் தட்டில் வைத்தார். நான் சைவம் என்பதை அன்று சொல்லவில்லை.

இங்கே எல்லோரும் ஹெய்க்கி அல்ல. அலுவலகத்தில் ஒரு பெண், நான் பின்னிஷ் மொழியைக் கொலைசெய்யும்போதெல்லாம் கைதட்டுகிறாள். பேருந்தில் ஒருவர் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் கடைசிவரை நின்றே வருகிறார். அது வெறுப்பா, வெட்கமா? தெரியாது. அவர் தன் நாட்டுக்காரர் பக்கத்திலும் உட்காரமாட்டார்.

தல்கோத் அன்று மாலை ஆரணியிலிருந்து தம்பி குமரன் கூப்பிட்டான். எங்கள் வீட்டின் மாடி என் பங்கு, பூட்டிக் கிடந்தது. அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் பீகார்க்காரர் ராகேஷ், மனைவி, கைக்குழந்தையோடு ஆலைக் கொட்டகையில் இருக்கிறார். மழைக்கு முன் வீடு வேண்டும். தெருவில் யாரும் தரவில்லை. எங்கள் தெரு, எப்போதோ வடக்கிலிருந்து பட்டு நெய்ய வந்து, வீட்டுக்குள் இன்னும் தெலுங்கு பேசும் தெரு.

"நீதான் சொல்லணும்ணா. இங்க ஒரே பேஜாரு. இவனுங்க ஜாஸ்தி ஆயிட்டானுங்கன்றாங்க."

"நீ இன்னா சொல்ற?"

"ஜாஸ்திதான். ஆனா இவன் அப்டி இல்லணா. நம்ம தேர் இழுக்க மொத ஆளா வந்து நின்னான்."

"ஹெய்க்கி மாதிரியே பேசுறடா."

"அது யாரு?"

"குடுத்துடு" என்றேன். திரும்பி வந்தால் தங்குவதற்கென்று வைத்திருந்த அறை. திரும்பப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அறைக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று குமரன் வீடியோவில் மாடியைக் காட்டினான். என் கதவை அவன் தட்ட வேண்டியிருந்தது. உள்ளே சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு ராகேஷ் குழந்தையோடு எட்டிப் பார்த்தார்.

"யாருங்க இது?"

"எங்கண்ணன். வெளியூரு."

ராகேஷ் திரைக்கு அருகில் வந்து என்னைப் பரிவோடு பார்த்தார். "அங்க வீடு குடுக்குறாங்களா சார்?"

"குடுக்குறாங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு கதவில் காதை வைத்தேன். எதிர்க்கதவுக்குப் பின்னால் ஹெய்க்கி செருமுவது கேட்டது. அவரும் கிளம்பி நிற்கிறார். கதவின் துளைவழியே பார்த்தேன். படிக்கட்டு விளக்கு, அங்கே யாருமில்லை என்று நினைத்து, தானாக அணைந்தது.