மூக்கு வரைக்கும் ஒரு நூல்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதுசாக இருக்காது. ஊரையே சிரிக்கச் சொல்லிவிட்டு நாம் மட்டும் சிரிக்காமல் நிற்கிற தொழில் இது.

சத்தம் போடாத கேமரா

என் கேமரா ரஷ்யாவில் செய்தது. ராயபுரத்தில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கினேன். பேட்டரி கிடையாது, எல்லாம் கையால்தான். லென்ஸ் ஒரு இடத்தில் இருக்கும், நாம் கண் வைக்கிற சின்ன ஜன்னல் இன்னொரு இடத்தில் இருக்கும். அந்த ஜன்னலின் நடுவில் ஒரே ஆள் ரெண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ரெண்டு பேரும் நெருங்கி வந்து ஒருத்தராகச் சேர்வார்கள். சேர்ந்ததும் அமுக்கினால் படம் பளிங்கு மாதிரி வரும். சண்டை போட்ட அண்ணன் தம்பியைச் சேர்த்து வைத்த மாதிரி எனக்கு அதில் ஒரு சந்தோஷம், ஒவ்வொரு தடவையும்.

அமுக்கினால் சத்தமும் பெரிசாக வராது. காலடிப்பேட்டையில் ஒரு காதுகுத்து. குழந்தையின் அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எடுத்து முடித்து அடுத்த படத்துக்கு ஃபிலிமும் தள்ளிவிட்டேன். அவர் அசையவில்லை. முகமெல்லாம் உப்பிப்போய்க் கடைசியில் கேட்டார்: "நைனா, எட்துட்டியா இல்லியா? நான் மூச்சு வுடட்டா, வாணாவா?"

மூடி

கண் வைக்கிற ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு என்றேனே. லென்ஸில் மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். இந்தக் கேமரா வைத்திருந்தவன் எவனும் இந்தக் குழியில் விழாமல் தப்பியதில்லை. வள்ளூரில் ஒரு அதிகாரிக்கு வழியனுப்பு விழா. மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், நான் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபிளாஷ் பிடித்தது என் மனைவி தேசம்மா. காசிமேட்டுக்காரி, வலை பின்னுகிற வீட்டில் பிறந்தவள், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. காதோரம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "யோவ், மூடி போட்டுகினே எட்துகினு கீற. அந்தாளு இன்னொரு தபா ரிட்டேர் ஆவாரா?"

பந்தக்கால்

அப்புறம் ராயபுரத்தில் ஒரு கல்யாணம். ஜன்னலில் வழக்கம் போல ரெண்டு மணப்பெண் தெரிந்தார்கள். வளையத்தைத் திருப்பினேன், சேரவில்லை. ரெண்டு பேரும் புகைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான் கண்ணாடியில் படிந்திருக்கும் என்று வேட்டி நுனியால் துடைத்தேன். நாள் பூராவும் துடைத்துத் துடைத்து, குத்துமதிப்பாக எடுத்துத் தள்ளினேன். ஆல்பத்தைப் பார்த்த பெண்ணின் அப்பா கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பந்தக்காலு சோக்கா வந்துகீது. அதுக்கு முன்னாடி என் பொண்ண நிக்க வெச்சேனே, அது எங்கப்பா?"

ஆஸ்பத்திரி

சாம்பல் கண்ணாடியில் இல்லை. என் கண்ணில்தான் புரை வளர்ந்திருந்தது. இடது கண் சின்ன வயசிலேயே அம்மையில் போனது. இத்தனை முகங்களையும் மிச்சமிருந்த ஒன்றை வைத்துத்தான் பார்த்தேன். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை இறங்காமல் கத்தி வைக்க முடியாது என்றார். இறங்கினால் பார்வை வந்துவிடுமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு கண்ணு இருக்கறவங்களுக்குத் தைரியமா சொல்லிடுவேன் பெரியவரே. உங்களுக்கு நான் எதுவும் சொல்லக் கூடாது."

முடிச்சு

திருவொற்றியூரில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதுவும் புகையாக வந்தால் அதற்கப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். முடியாதென்று சொல்லிவிட்டு வரலாம் என்று சட்டையை மாட்டினேன். தேசம்மா வலை நூலை எடுத்து வந்து ஒரு நுனியைக் கேமராவில் கட்டினாள். லென்ஸ் வளையத்தில் எத்தனை மீட்டர் என்று எண் போட்டிருக்கும். அந்த எண்களைப் பார்த்து, தையற்காரர் டேப்பால் அளந்து, நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டாள். எந்த முடிச்சுக்கு வளையம் எங்கே நிற்க வேண்டும் என்று என் விரலைப் பிடித்துப் பழக்கினாள். விரலுக்குப் புரை வருமா என்ன.

மேடையில் மணப்பெண்ணின் மூக்கு வரைக்கும் நூலை இழுப்பாள். "மூணு" என்பாள். நான் வளையத்தை மூணாவது முடிச்சுக்குத் திருப்புவேன். அவள் நூலை விட்டுவிட்டு ஃபிளாஷைத் தூக்குவாள். மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி, தாலி கட்டுகிற நேரத்திலா ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிறாய் என்று அவளை ஏசினாள். படம் எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு எல்லாம் புகைதான். வண்ணாரப்பேட்டையில் பிரிண்ட் போடுகிற பாய் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நைனா, பொண்ணு கண்ணுல கீற மை கூட தெர்து. இன்னா, புது கேமராவா?"

மிச்சம் ஒண்ணு

சர்க்கரை ஒருவழியாக இறங்கிவிட்டது. நாளைக்குக் காலையில் கத்தி. கட்டைப் பிரிக்கும்போது வெளிச்சம் இருக்குமா, இருக்காதா, அது டாக்டரம்மாவுக்கே தெரியாது. ஃபிலிமில் ஒரே ஒரு படம் மிச்சம். இன்று மத்தியானம் தேசம்மா வெயில் பார்த்து வாசற்படியில் உட்கார்ந்தாள். ஊரையெல்லாம் எடுத்த நான் அவளை எடுத்ததே இல்லை. ஃபிளாஷ் பிடிக்க ஆள் வேண்டுமே. நூலை இழுத்துத் தன் மூக்கிலேயே வைத்துக்கொண்டாள். "ரெண்டு. இத்தக் கழுவி எட்தாந்து வெக்கறேன். கட்டு பிரிச்சதும் மொதல்ல இத்தப் பாரு. தெர்லன்னா, நான் அழகா கீறேன்னு சொல்லுவேன், நீ நம்பிக்கினுதான் ஆவணும்."

இத்தனை காலம் இந்தத் தொழிலில் கிடந்தும் நான் லென்ஸ் மூடியோடேதான் அமுக்கப் போனேன். தேசம்மா எழுந்து வந்து அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, மறுபடி போய் உட்கார்ந்து மூக்கில் நூலை வைத்துக்கொண்டாள்.