ஒன்பது பாரமும் கிடைத்துவிட்டன

14ஆம் திகதி, வியாழன், காலை 5.50. குணம் அண்ணை போய்விட்டார். அவர் கடைசியாக வேலை செய்த புத்தகத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்றுகூட அப்போது எங்கள் கையில் இல்லை.

இப்போது ஞாயிறு பின்னேரம் 4.15. ஒன்பதும் என் மேசையில் இருக்கின்றன. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மூன்று நாளாக ஒருவருக்கும் பதில் போடவில்லை, குறை நினைக்க வேண்டாம்.

தெரியாதவர்களுக்கு... வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு சின்னப் புத்தகக் கடை. பின் அறையில் பதிப்பகம். இரண்டுக்கும் ஒரே ஆள், குணம் அண்ணை. நான் சொஃப்ட்வெயர் வேலை செய்கிறவன். கடையின் முகநூல் பக்கத்தை நான்கு வருடமாக நான்தான் பார்க்கிறேன்.

புதுப் புத்தகம் வந்தால் விபரம் கேட்டு ஃபோன் எடுப்பேன். "புத்தகம் வந்திட்டுது எண்டு போடும்" என்பார். அவ்வளவுதான்.

"அண்ணை, இதை வாசிச்சு ஒருத்தனும் வரமாட்டான். கதை என்னெண்டு ரெண்டு வரி சொல்லுங்கோ."

"கதையைச் சொன்னா பிறகு என்னத்துக்கு வாங்கிறது?"

போட்டேன். பதினொரு லைக். அதில் ஒன்று என்னுடையது.

அவர் புரூஃப் பார்க்கும் முறை எனக்குப் பிடிக்கவே இல்லை. பதினாறு பக்கம் ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தையும் கடைக்கு வரும் ஒவ்வொருவர் கையில் கொடுத்து, பிழையைக் குறித்துக்கொண்டு வரச் சொல்வார். மருந்துக் கடைக்காரர், வங்கியில் வேலை செய்யும் பெண், ஓட்டோ ஓட்டுகிறவர்... யாரிடம் எது போனது என்று எங்கும் எழுதி வைப்பதில்லை.

"முழுசாக் குடுத்தா கதைக்குள்ள விழுந்திடுவினம். பிழை கண்ணில படாது."

கடைசிப் புத்தகம் கொலன்னாவையில் இருக்கும் சரஸ்வதி அக்காவுடையது. பதினான்கு வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தவர். அந்த வீட்டுச் சமையலறையில் இருந்து எழுதிய மூன்று தடித்த மட்டை சீ.ஆர். கொப்பிகள். அண்ணை தானே டைப் செய்து, கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு வெள்ளம் வந்தது. கொப்பிகள் போய்விட்டன.

பிறகு அண்ணையின் லெப்டொப். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் எடுக்க முடியவில்லை.

"பெக்கப் எங்க அண்ணை?"

"சனத்திட்ட இருக்கு."

"எந்தச் சனம்?"

"வாசிக்கிற சனம்."

கத்திவிட்டேன். கடையில் இரண்டு பேர் நிற்கும்போதே. ஒரு பென் டிரைவ் வாங்க ஏலாதோ உங்களுக்கு என்று கேட்டேன். இரண்டாம் நாள் அவரை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு கிழமைகூட இருக்கவில்லை.

செய்தி கேட்டதும் முதலில் என் தலைக்குள் வந்தது அவர் இல்லை. அந்த ஒன்பது பாரம். மறைக்க ஒன்றுமில்லை.

சரஸ்வதி அக்காவுக்கு நான்தான் ஃபோனில் சொன்னேன்.

"கொப்பி தண்ணியில போனப்பகூட நான் அழுவல தம்பி. ஐயா டைப் அடிச்சு வச்சிருக்காருன்னு தைரியமா இருந்தேன். இப்ப ஐயாவும் இல்ல... இன்னொருக்கா எழுத எனக்குத் தெம்பு இல்ல."

முகநூல் பக்கத்தில் மரண அறிவித்தலைப் போட்டு, அதற்குக் கீழேயே ஒரு வரி போட்டேன். புரூஃப் வைத்திருப்பவர்கள் உடல் வைக்கப்பட்டிருக்கும் மலர்ச்சாலைக்குக் கொண்டுவரவும். அண்ணையின் மனைவி கோபிப்பார் என்று நினைத்தேன்.

"அவர் எண்டாலும் இதைத்தான் போட்டிருப்பார்" என்றார் அண்ணி.

வெள்ளி பின்னேரம் சனம் வந்தது. மலர்வளையத்தோடு வந்தவர்கள் குறைவு, சொப்பிங் பேக்கோடு வந்தவர்கள் அதிகம். கொட்டாஞ்சேனை அன்ரன், பேலியகொடையில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறவர், ஐந்தாம் பாரத்தைக் கொண்டுவந்தார். தாளெல்லாம் மீன் வெடுக்கு மணம். முப்பத்தொரு இடத்தில் சிவப்பு மை.

"கடைசி வரியில அந்தப் பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வெளியில போகுது. எங்க போனது?"

"அது ஆறாம் பாரத்தில, அன்ரன் அண்ணை."

"ஆறாம் பாரம் ஆரிட்ட?"

பின்னால் நின்ற வங்கிப் பெண், "என்னட்டத்தான். சொல்லமாட்டன், புத்தகம் வந்தாப் பிறகு வாங்கிப் பாருங்கோ" என்றார். சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணியும்.

சனி மத்தியானம் அண்ணையை எரித்துவிட்டு வந்து எண்ணினேன். எட்டு. ஒன்பதாவது இல்லை. பக்கம் 129 முதல் 144 வரை... முடிவு இல்லாத புத்தகம்.

இன்று காலை அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையைப் பிரித்தார். உடுத்திய சாரம், சவர்க்காரம், மடித்த துவாய். துவாய்க்குள் ஒன்பதாம் பாரம். அதை ஒருவருக்கும் கொடுக்காமல் தனக்கு என்று வைத்திருந்திருக்கிறார்.

அப்படியே நிலத்தில் உட்கார்ந்து பக்கங்களை எண்ணினேன், பதினாறும் இருந்தன.

அக்காவுக்கு ஃபோன் எடுத்து, "முழுசாக் கிடைச்சிட்டுது அக்கா" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம்.

"இன்னொருக்கா சொல்லுங்க தம்பி."

சொன்னேன். மூன்று தரம் சொல்ல வைத்தார்.

ஒன்பதாம் பாரத்தின் ஓரங்களில் அண்ணையின் பென்சில் திருத்தங்கள் இருக்கின்றன. 137ஆம் பக்கம் வரை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இனி நான் செய்யப்போவது:

1. ஒன்பது பாரத்தையும் இன்றே ஸ்கேன் செய்து மூன்று வெவ்வேறு இடங்களில் வைப்பது. இந்த விஷயத்தில் அண்ணையோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

2. செவ்வாய் அச்சகத்துக்குப் போய், அண்ணை முன்பே அச்சுக்குக் கொடுத்த மற்ற இரண்டு புதுப் புத்தகங்களையும் எடுத்து வருவது. சிறுவர் விடுகதைகள் ஒன்று, கொழும்புக் கால்வாய்கள் பற்றி ஒன்று. புதன் முதல் கடை திறந்திருக்கும், அண்ணி இருப்பார்.

3. அக்காவின் புத்தகத்தைத் திருத்தங்களோடு திரும்ப டைப் செய்வது. முதல் பிரதியைக் கொலன்னாவைக்கு நேரில் கொண்டுபோவது.

4. 138 முதல் 144 வரை, ஏழு பக்கம். அதை நான் பார்த்து முடிக்கிறேன். நீங்க படுங்கோ, அண்ணை.