மைக் துளையும் லைன் துளையும்

சண்டையால் கரண்டும் பற்றரியும் இல்லாத காலம். கனடாவில் இருந்த அக்காவுக்கு என் கிற்றார் வாசிப்பைக் கசெற்றில் பதிந்து அனுப்ப நினைத்தேன். ஸ்டாண்டில் நின்ற சைக்கிளை அப்பா மிதிக்க, டைனமோவில் ரெக்கோர்டர் ஓடியது.

கிற்றார் வயரை ரெக்கோர்டரின் லைன் துளையில் செருகினால் சத்தம் ஈனமாகத்தான் ஏறியது. மைக் துளையில் கணீரென்று ஏறியது. வேறொரு சத்தமும் நுழையவில்லை. முதல் பக்கத்தை அப்படியே பதிந்தேன்.

மறுபக்கம் தொடங்கும்போது வயர் அறுந்துபோனது. ரெக்கோர்டரின் சொந்த மைக்கில் பதிய, அப்பாவின் மூச்சிரைப்பும் சேர்ந்து ஏறியது.

“மெல்லமா மூச்சு விடுங்கோ அப்பா!” என்று எரிந்து விழுந்தேன்.

“ஓம், ஓம்” என்றார்.

அப்பா செத்துப் பல வருசத்துக்குப் பிறகு கனடா போனேன். அக்கா அந்தக் கசெற்றின் மறுபக்கத்தைத்தான் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“நீ கிற்றாரைக் கொஞ்சம் மெல்லமா வாசிச்சிருக்கலாமடா.”