காற்றுக்குச் சொன்ன ஆசி

ஃபான்யாவைப் பிடிவாதக்காரி என்றால் பிடிவாதத்துக்கே கோபம் வரும். மெல்பேர்னில், சென்ற் கில்டாவில், எண்பத்தெட்டு வயதிலும் தனியே சமைத்துத் தனியே இருந்தாள். யூத வீடுகளில் பாலுக்கு ஒரு தட்டு, இறைச்சிக்கு ஒரு தட்டு என்று பிரித்து வைப்பார்கள். ஃபான்யா வீட்டில் மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. அதை வேறு யாரும் தொடக்கூடாது. புருசன் உயிரோடிருந்தபோது, இது யூதருக்குச் சட்டம் தந்த மோசேக்கே தெரியாத சட்டம் என்று கேலி பண்ணுவார். அவள் சிரிக்கமாட்டாள்.

எல்லாம் காசநோய் செய்த வேலை. முதல் உலகப்போருக்குச் சற்று முன், மெல்பேர்ன் கார்ல்டனில் தையல் வேலை செய்துகொண்டிருந்தவளுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. இரண்டு வயது மகள் ரூபியைத் தகப்பனிடம் விட்டுவிட்டு மலைப்பக்கத்துச் சானடோரியத்துக்குப் போனாள். யூதப் பெண்கள் சங்கத்தாரைக் குறை சொல்லக்கூடாது. தங்கள் முறைப்படி சமைத்த கோழிச் சூப்பை ரயிலில் சுமந்து வந்தார்கள். கூடவே ரூபியையும் கூட்டி வந்தார்கள். ஆனால் குழந்தை வேலிக்கு அப்பால்தான் நிற்கவேண்டும்.

வெள்ளி மாலையில் ஓய்வுநாள் பிறக்கும்போது பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசி சொல்வது அவர்கள் வழக்கம். பொழுதுபட்டால் ரயிலேறக் கூடாது என்பதால் சங்கத்தார் மத்தியானமே புறப்பட்டுவிடுவார்கள். ஃபான்யா நேரத்தோடே இரண்டு கைகளையும் தூக்கி, வேலியைப் பார்த்து ஆசியைச் சொல்லி முடிப்பாள். அந்தச் சுருட்டைத் தலையைத் தொடவேண்டும் என்று உள்ளங்கை தவியாய்த் தவிக்கும்.

நாலு வருடத்தில் சுகமாகி வீடு வந்தாள். வந்தும் என்ன, சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? தகப்பன் ரூபியின் தலையில் கைவைப்பார். ஃபான்யா வாசற்படியில் நின்று கையைத் தூக்குவாள். நெஞ்சில் பழைய தழும்பு மட்டும்தான் இருக்கிறது என்று எத்தனையோ டொக்டர்மார் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியாக, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சச்சிதானந்தன் டொக்டரும் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னார். அவள் தலையாட்டினாள், வீட்டுக்கு வந்து தன் தட்டைத் தனியே கழுவினாள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நாலில், அதுவரை பக்கத்துத் தெருவில் இருந்த ரூபி, தூரத்துப் பேர்த் நகரில் இருக்கும் தன் மகனோடு போய் இருக்க முடிவெடுத்தாள். தாயைத் தனியே விட்டுப் போகிறாளே என்று அயலார் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஃபான்யா தடுக்கவில்லை. இரவும் பகலும் ஒரே நினைப்புத்தான் அவளுக்கு: போவதற்குள் ஒரு தடவை அந்தத் தலையைத் தொடவேண்டும்.

கடைசி வெள்ளிக்கிழமை மெழுகுதிரிகளை ஏற்றினாள். கை வழக்கம்போல அந்தரத்தில் எழுந்தது, அங்கேயே நின்றது. "சாராளைப் போல, ரெபேக்காளைப் போல..." என்று தொடங்கினாள்.

ரூபி கதிரையை இழுத்துத் தாயின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அறுபது வருசமாக் காத்துக்குத்தான் ஆசி சொல்லுறீங்கள் அம்மா. நான் வேண்டாத பிள்ளையெண்டுதான் நினைச்சு வளர்ந்தனான்."

 இந்தப் பெண் மனதில் இப்படி ஒன்று கிடந்ததா?

"ஐயோ, உனக்கும் வந்திடுமெண்ட பயம் பிள்ளை. வேறொண்டுமில்லை."

சொல்லிக்கொண்டே கையை இறக்கினாள். விரல்கள் அந்தச் சுருள்களைத் தேடின. அகப்பட்டது மெலிந்து, நேராகிப்போன முடி. ஃபான்யா குனிந்து பார்த்தாள்.

"எப்ப பிள்ளை இப்பிடி நரைச்சது?" என்று கேட்டாள்.

 ரூபி தலையை எடுக்கவில்லை.